பல்வலியும் பகுத்தறிவும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலே 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியிலே மீன் மிகுந்து கிடைக்கும் இடங்களை ஒருவரே வளைத்துக்கொள்ளாதபடி, இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்து வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டைச் சுற்றியும் சாதி வேலி உண்டு. அது தனியே எழுதவேண்டிய செய்தி. இங்கே நாம் குறிக்க விரும்புவது வேறு. பாடு வருகிற நாளிலே படகேற முடியாதவன், அந்த நாளின் கூலியை மட்டுமல்ல, அந்த முறையையே இழந்தவனாகிறான்.

ஆரம்பாக்கத்தை அடுத்த குப்பமொன்றிலே வாழும் மீனவர் ஒருவர், நம் மாணவன் ஒருவனின் தந்தை, சென்ற மாரியிலே அப்படித் தம் முறையை இழந்தார். புயலால் அல்ல, படகு பழுதுற்றதாலும் அல்ல. ஒரு பல்லால்!

கீழ்த்தாடையின் கடைசிப் பல். கன்னம் வீங்கிற்று, நான்கு இரவு உறக்கமில்லை. முதல் நாள் வேப்பிலை அடித்து மந்திரித்தார்கள். இரண்டாம் நாள் தாயத்து வந்தது. மூன்றாம் நாள் கடைத்தெருவிலே, "பல்வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிய மாத்திரைகள் வந்தன. இன்ன மருந்து என்று பெயருமில்லாமல், காகிதத்திலே மடித்துத் தரப்படும் நான்கு நிற மாத்திரைகள்! ஐந்தாம் நாள்தான் அரசு மருத்துவமனை. ஈறைக் கீறிப் பல்லை எடுத்து, தையலிட்டு, இருவகை மாத்திரை கொடுத்து, எந்த வேளைக்கு எது என்றும் சொல்லி அனுப்பினார்கள். விறைப்பு நீங்கியதும் வலி பொங்கிற்று. மருத்துவர் தந்தது இரண்டு. வீட்டிலே மிச்சமிருந்தது கடைக்காரர் தந்த 'செட்டு' மூன்று. கூடக் கூட நலம் என்று எண்ணி எல்லாவற்றையும் இரண்டு நாளாக விழுங்கிவிட்டார். மூன்றாம் நாள் காப்பித் தூள் போலக் கறுத்த வாந்தி. இரைப்பையிலே இரத்தக் கசிவு. பிழைத்தார், ஆனால் பாடு போயிற்று, படகுக்குப் பட்ட கடன் வளர்ந்தது.

பார்க்கச் சென்றோம். "எல்லாம் என் தலையெழுத்து, வாத்தியாரே!" என்றார்.

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! சொத்தை பல்லிலே, எழுத்தோ தலையிலே! அவரை நோக நமக்கு மனம் வரவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனித இனம் முழுவதும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 'இல்லை, வலி என்பது எழுத்தல்ல, காரணமுள்ள ஒரு நிகழ்ச்சி. காரணம் தெரிந்தால் களையலாம்' என்று சிலர் துணிந்து சொன்ன வரலாறு மிக அண்மைக்காலத்தது. அந்த வரலாற்றை நம் தோழர்கள் அறிந்திருக்கவேண்டும். ஏனெனில், வலியை வென்ற வரலாற்றின் வாயில், மனிதனின் வாயில்தான் திறந்தது!

புழுவும் புகையும்

பாபிலோனிய நாட்டு மக்கள் களிமண் பலகைகளிலே ஒரு மந்திரத்தை எழுதி வைத்தனர். பல்லுக்குள்ளே ஒரு புழு குடியிருக்கிறது. அதைத் தெய்வம் அடித்து விரட்டவேண்டும் என்பது அதன் கருத்து. அந்தப் புழு பாபிலோனில் நிற்கவில்லை; நாடு நாடாக ஊர்ந்தது. சீனத்திலும் இருந்தது, ஐரோப்பாவிலும் இருந்தது. நம் நாட்டிலே இன்றும் சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகையை வாயிலே பிடித்து, 'பூச்சி விழுந்தது பார்' என்று காட்டுவோரும் உண்டு.

இந்தக் காட்சியை ஐரோப்பியரும் கண்டவர்களே. அங்கே குரோசாணி ஓம விதையைத் தணலிலிட்டுப் புகை பிடித்தனர். வெடித்த விதையிலிருந்து வெளிப்பட்ட முளை, வெண்ணிறப் புழுவைப் போலத் தண்ணீரிலே மிதந்தது. புழு பல்லிலிருந்து வரவில்லை, விதையிலிருந்து வந்தது! வலியால் துடிப்பவனுக்கு ஆராய ஏது பொழுது? ஆராயாதவன் இருக்குமட்டும் காட்டுகிறவனுக்குக் காசு.

கிறித்தவ நாடுகள் பல்வலிக்கென்றே ஒரு புனிதவதியைப் பெற்றிருந்தன. கி.பி. 249-இல் அலெக்சாந்திரியாவிலே, சமயவெறி கொண்ட கும்பலால் பற்கள் உடைக்கப்பட்டு மாண்ட அப்பொலோனியா என்னும் மாது அவர். மதவெறி பல்லை உடைத்தது. உடைபட்டவளையே மதம் பல்வலிக்குத் தெய்வமாக்கியது. விந்தைதானே!

1728-இல் பாரிசு நகரத்துப் பல் மருத்துவர் பியர் பொஷார் ஒரு பெருநூல் வெளியிட்டார். பல் மருத்துவத்தின் தந்தை எனப் பெயர் பெற்ற அவர், நுண்ணோக்கியால் பார்த்தும் புழு எதனையும் தாம் காணவில்லை என்று எழுதினார். பார்த்தார், இல்லை, எழுதினார்! பல்லாயிரம் ஆண்டுப் புழு செத்தது அப்படித்தான். பின்னர், 1890-இல் வில்லபி மில்லர் என்பவர், வாயிலுள்ள கிருமிகள் இனிப்பையும் மாவையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். முனியுமில்லை, கண்ணேறுமில்லை, முற்பிறப்பின் வினையுமில்லை.

கிராம்பும் கோட்டையும்

பழமை அனைத்தும் பாழ் என்று நாம் சொல்லவில்லை. நம் பாட்டிமார் வலிக்கிற பல்லிலே ஒரு கிராம்பை வைத்து அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அறிவியல் அதைச் சோதித்தது. கிராம்பெண்ணெயிலே யூஜினால் என்றொரு பொருள் இருக்கிறது. அது நரம்பைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்கிறது என்று கண்டது. துத்தநாகத் தூளோடு யூஜினாலைக் குழைத்துச் சொத்தையிலே இடும் வழக்கம் பல் மருத்துவ மனைகளுக்கே வந்து சேர்ந்தது. கண்டங்கத்திரிப் புழு சோதனையிலே தோற்றது, கிராம்பு வென்றது. பழையது என்பதற்காகத் தள்ளவுமில்லை, பழையது என்பதற்காகக் கொள்ளவுமில்லை. அளவுகோல் ஒன்றே: சோதனை!

அந்தக் கிராம்பின் கதையிலே பழவேற்காடும் ஒரு பாத்திரம். 1613-இல் ஒல்லாந்தர் இங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690 வரையில் சோழமண்டலக் கரையிலே அவர்தம் தலைமை நிலையம் இதுவே. எதற்காக? இக்கரையின் நெசவாளர் நெய்த துணியை வாங்கி, கீழ்க்கடலின் மலுக்குத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று, அங்கே கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றுவதற்காக! விலை சரியக்கூடாதென்று, தங்கள் பிடிக்குள் இல்லாத தீவுகளிலே கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்தது ஒல்லாந்தக் குழுமம். துணியோடு மனிதரையும் அடிமைகளாக இக்கரையிலிருந்து கப்பலேற்றினர். 1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு நிலையாகப் போயிற்று. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற கல்லறைகள் மிஞ்சின.

ஒரு மருந்துச் சரக்கை யார் கட்டுப்படுத்துகிறார்களோ, அவர்கள் ஏழையின் வலிக்கும் விலை வைக்கிறார்கள். கிராம்பு சொல்லும் இந்தப் பாடத்தைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்க. மாத்திரையின் கதையிலே மீண்டும் வரும்.

சந்தையில் சிரித்த காற்று

1772-இல் சோசப் பிரீசுட்லி என்ற ஆங்கில அறிஞர் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் காற்றைக் கண்டறிந்தார். ஆம்ஃபிரி டேவி என்ற இருபது வயது இளைஞர் அதைத் தாமே முகர்ந்து முகர்ந்து சோதித்தார். அறிவுப்பல் முளைத்து ஈறு வீங்கி அவர் வருந்திய வேளையிலே, அந்தக் காற்று வலியைத் தணித்தது. 1800-இல் அவர் வெளியிட்ட நூலிலே, இதை அறுவை மருத்துவத்திலே பயன்படுத்தலாம் போலும் என்று எழுதியும் வைத்தார்.

எழுதினார், ஆனால் எவரும் எடுத்து ஆளவில்லை. 44 ஆண்டுகள்! அந்த 44 ஆண்டுகளிலே எத்தனை பேர், கை கால் கட்டப்பட்டு, அலறியபடியே அறுக்கப்பட்டிருப்பர்! அந்தக் காற்றோ சந்தைகளிலும் கொட்டகைகளிலும் கட்டணம் வாங்கி முகரவைக்கப்பட்டு, மக்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தது. வலி என்பது இயற்கை, தாங்குவதே மனிதன் கடன் என்ற எண்ணம் மூளையிலே முளையடித்து உட்கார்ந்திருந்தால், மருந்து கையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாது.

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 10. அமெரிக்காவின் ஆர்ட்ஃபோர்டு நகரிலே கோல்ட்டன் என்பவர் சிரிப்புக் காற்றுக் காட்சி நடத்தினார். அதை முகர்ந்த ஒருவர் மயங்கி ஆடியபோது காலிலே காயம்பட்டும், வலியை உணரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஓரசு வெல்சு என்ற பல் மருத்துவரின் உள்ளத்திலே ஒரு கேள்வி எழுந்தது. மறுநாளே தாம் அந்தக் காற்றை முகர்ந்து, தம் பல்லையே உடன்தொழிலாளரான ரிக்சு என்பவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலிக்கவில்லை!

1845 சனவரியிலே பாசுட்டன் நகரில் மாணவர் கூட்டத்தின் முன் அவர் காட்டிய சோதனையின்போது நோயாளி முனகினான். அவ்வளவுதான், 'ஏமாற்று, ஏமாற்று' என்று எள்ளி நகையாடினர். மனமுடைந்த வெல்சு 1848-இல் நியூயார்க்குச் சிறையிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய பழைய கூட்டாளி மார்ட்டன், இவரும் பல் மருத்துவரே, 1846 செப்டம்பர் 30 அன்று ஈதரை முகரச் செய்து ஒருவரின் பல்லை எடுத்தார். அக்டோபர் 16 அன்று மாசசூசெட்சு பொது மருத்துவமனையிலே, வாரன் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர் கத்தி எடுக்க, மார்ட்டன் ஈதர் கொடுக்க, கழுத்துக் கட்டியொன்று அலறலின்றி அகற்றப்பட்டது. ஆறு திங்களுக்குள், 1847 மார்ச்சிலே, கல்கத்தாவிலும் ஈதர் வந்துவிட்டது.

அரசர்களும் அறிஞர் அவைகளும் தராத விடுதலையை, பல் பிடுங்குவோர் என்று தாழ்வாக மதிக்கப்பட்ட இருவர் தந்தனர். தொழிலால் தாழ்ந்தவன் எவனுமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேதமும் வேதனையும்

1847 நவம்பரிலே எடின்பரோ நகரத்து மருத்துவர் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கண்டு, மகப்பேற்று வலியைத் தணிக்கப் பயன்படுத்தினார். உடனே வந்தது வேதம்! பெண் வேதனையோடுதான் பிள்ளை பெறவேண்டும் என்பது ஆண்டவன் ஆணை என்று ஆதியாகமத்தைக் காட்டினர். அப்படி எதிர்த்தவர் எத்தனை பேர் என்பதிலே வரலாற்றாசிரியர்கள் மாறுபடுகின்றனர். ஆனால் சமய மறுப்புகளுக்கு விடையென்றே ஒரு நூலை அவர் அச்சிட வேண்டியிருந்தது என்பதிலே ஐயமில்லை. அதிலே அவர், ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவனே அவனை ஆழ்ந்த உறக்கத்திலாழ்த்தினான் அன்றோ என்று அதே நூலைத் திருப்பிக் காட்டினார்! 1853 ஏப்ரலிலே விக்டோரியா அரசியார் குளோரோஃபார்ம் முகர்ந்து பிள்ளை பெற்றார். அதற்குப் பின் ஆணையைப் பற்றிப் பேசுவோர் குரல் அடங்கிற்று. அரண்மனைக்கு ஒரு நீதி, ஆண்டவனுக்கும் அதுவே நீதி போலும்!

நம் நாட்டிலோ ஆதாமின் தேவையில்லை. கருமவினை ஒன்றே போதும். வலிப்பவன் பழி சுமக்கிறான். வலிக்குக் காரணமான வறுமையும், மருத்துவமனையின் தொலைவும், கல்வியின்மையும் பழியிலிருந்து தப்பிக்கொள்கின்றன. தலையெழுத்து என்ற சொல்லால் நன்மை அடைகிறவர் யார் என்று கேட்டால், அந்தச் சொல் ஏன் இத்தனை காலம் வாழ்கிறது என்பது விளங்கும்.

மயக்கம் முழு உடலுக்கும் வேண்டியதில்லை, பல்லுக்கு மட்டும் போதும் என்ற நிலையும் வந்தது. 1884-இல் வியன்னாவின் கார்ல் கோல்லர் கொக்கெயினால் கண்ணை மரக்கச் செய்தார். அதே காலத்தை ஒட்டி அமெரிக்காவின் ஆல்சுடெட் தாடை நரம்பிலே அதைச் செலுத்திக் காட்டினார். கொக்கெயின் அடிமைப்படுத்தும் நஞ்சு. ஆல்சுடெட்டே அதற்கு அடிமையானார். அந்தத் தீமையில்லாத நோவகெயின் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும், லிக்னோகெயின் 1943-இலும் பிறந்தன. நம் ஏரிக்கரை மீனவரின் தாடையை மரக்கச் செய்ததும் லிக்னோகெயின் குடும்பத்து ஊசிதான்.

விறைப்பு நீங்கிய பின்

ஊசியின் விறைப்பு சில மணி நேரமே. அதன் பின்? காயத்தின் வலி தொடங்குகிறது. அங்கேதான் மாத்திரையின் வரலாறு தொடங்குகிறது.

1763-இல் இங்கிலாந்தின் எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார், காய்ச்சலுக்கு வில்லோ மரப்பட்டைத் தூளைக் கொடுத்துப் பார்த்ததை அறிஞர் கழகத்துக்கு எழுதினார். பாதிரியார்தான், ஆனால் செபத்தோடு நிற்கவில்லை, ஏறத்தாழ 50 பேரிடம் சோதித்தார், ஆகவே அவரைப் போற்றுகிறோம். அந்தப் பட்டையின் வழியிலே வந்த ஆஸ்பிரினை 1897-இல் செருமனியின் பேயர் நிறுவனத்திலே ஆஃப்மன் தூய வடிவிலே ஆக்கினார் என்பது ஏட்டிலுள்ள கதை. தம் வழிகாட்டலிலேதான் அவர் செய்தார் என்று, யூதரான ஐக்கன்குருன், நாசிகளின் சிறை முகாமிலிருந்து உயிரோடு மீண்ட பின் 1949-இல் எழுதினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. பிற்கால ஆய்வாளர் ஒருவர் ஐக்கன்குருனின் பக்கமே சான்று இருப்பதாகக் காட்டினார். பிறப்பைக் காட்டிப் பெயரை மறைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கலையல்ல.

பாராசிட்டமால் 1878-ஐ ஒட்டியே ஆய்வுக்கூடத்திலே பிறந்துவிட்டது. அதன் அருமையை 1948-இல் பிராடியும் ஆக்செல்ராடும் எடுத்துக்காட்டிய பின், 1950-களிலேதான் கடைக்கு வந்தது. ஐபுபுரோஃபென், இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலே ஸ்டூவர்ட் ஆடம்சு குழுவினர் ஆண்டுக்கணக்கிலே தேடிக் கண்டது. 1969-இல் விற்பனைக்கு வந்தது. 1971-இல் சான் வேன் என்ற அறிஞர், ஆஸ்பிரின் இனத்து மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கண்டறிந்தார். காயம்பட்ட இடத்திலே புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்து வீக்கத்தையும் வலியையும் பெருக்குகிறது. அந்தச் சுரப்பையே இவை தடுக்கின்றன. அதற்காக 1982-இல் நோபல் பரிசிலே பங்கு பெற்றார். அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குக் குருதி ஓட்டத்தைச் சீராக்குகிறது. ஆகவே வலியைத் தடுக்கும் மருந்தே, அளவு மிஞ்சினால் இரைப்பையைப் புண்ணாக்குகிறது. காப்பித் தூள் போன்ற அந்த வாந்தியின் காரணம் இதுதான். தலையெழுத்தல்ல!

கூட்டு எது? கலவை எது?

இப்போது நம் கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். இரு மருந்தைச் சேர்த்து உண்பது நன்றா, தீதா?

கூட்டு மருந்தின் பழைய கதை அச்சமூட்டுவது. ஆஸ்பிரின், பினாசிட்டின், கஃபீன் மூன்றையும் சேர்த்த தூள் ஒரு காலத்திலே உலகெங்கும் விற்றது. ஸ்வீடனின் உஸ்க்வர்னா நகரத்துத் தொழிலாளர், 1918-இன் பெருங்காய்ச்சலுக்கு ஒரு மருத்துவர் வகுத்த பினாசிட்டின் கலந்த தூளை, காய்ச்சல் போன பின்னும் விடவில்லை; உழைப்பின் அலுப்புக்கு அதுவே துணையாயிற்று. ஆஸ்திரேலியாவிலே இல்லத்தரசிகள் தேநீரோடு அத்தகைய பொடியை உண்டனர். விளைவு? சிறுநீரகங்கள் சுருங்கிச் செத்தன. 1950-களில் மருத்துவர்கள் எச்சரித்தனர். அமெரிக்காவிலே பினாசிட்டின் விலக்கப்பட்டது 1983-இல்! இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. விளம்பரம் விரைந்து ஓடும். உண்மை நடந்து வரும்.

ஆனால் அறிவோடு அமைத்த கூட்டும் உண்டு. அதைச் சோதித்துத் தேர்ந்த களமும் பல்தான். அறிவுப்பல்லை அறுத்தெடுக்கும் நோயாளிகள் பெரும்பாலும் இளைஞர், பிற நோயற்றவர். காயமும் ஏறத்தாழ ஒரே அளவு. வலியும் குறித்த நேரத்திலே தொடங்கும். ஆகவே வலிநீக்கி மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்க உலகெங்கும் ஆய்வாளர் இந்த அறுவையையே பெரிதும் தேர்ந்தெடுத்தனர். அறிவுப்பல் என்ற பெயர் பொருத்தந்தான்!

2013-இல் காக்ரேன் என்னும் ஆய்வுத் தொகுப்புக் குழு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பல் அறுவைக்குப் பின், வெற்று மாத்திரை உண்டவரில் 100-க்கு 7 பேரே போதிய வலிநீக்கம் பெற்றனர். 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் மட்டும் உண்டவரில் 52 பேர். அதனோடு 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்த்து உண்டவரில் 73 பேர்! ஏன்? ஐபுபுரோஃபென் காயத்தின் இடத்திலே வேலை செய்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடத்தின் வழியே வேலை செய்கிறது. இரு வாயிலிலும் காவல் நிறுத்தினால் திருடன் நுழைவது அரிதன்றோ? ஒவ்வொன்றையும் அதன் எல்லைக்குள்ளேயே நிறுத்தி, இரண்டின் பயனையும் பெறலாம். இதுவே கூட்டு.

இந்தக் கூட்டு, அபினிக் குடும்பத்து மருந்துகளையும் வென்றது. அமெரிக்காவிலே 1996 முதல் ஒரு நிறுவனம் தன் அபினி இன மாத்திரையை அச்சமற்றதெனப் பரப்பியதும், அந்நாடு முழுவதும் போதையும் சாவும் பெருகியதும் உலகறிந்த செய்தி. பல் பிடுங்கிய இளைஞருக்குக்கூட அந்த இனத்து மருந்தை வழக்கமாக எழுதிக் கொடுத்தனர். 2024-இல் அமெரிக்கப் பல் மருத்துவக் கழகம், அபினி இனமல்லாத இந்த மருந்துகளே முதற்படி என்று நெறி வகுத்தது. 2025 தொடக்கத்திலே ரட்கர்சு பல்கலைக்கழகத்தினர், அறிவுப்பல் அறுவை செய்துகொண்ட 1,800-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு, அபினி இன மருந்து கலந்த கூட்டைவிட வலியை நன்றாகத் தணித்தது. உறக்கமும் நன்றாக வந்தது. விலையோ மலிவு!

இனி நம் நாட்டுக் கடைத்தெருவைப் பார்ப்போம். இங்கே கூட்டல்ல, கலவை! வலிநீக்கியோடு நொதி, நொதியோடு தசைத் தளர்த்தி, அதனோடு மற்றொன்று என்று ஒரே மாத்திரையிலே திணித்து, புதுப்பெயர் சூட்டி விற்பதே வணிகம். பட்டுப்புழுவின் குடற்கிருமியிலிருந்து கண்டெடுக்கப்பட்ட செராசியோபெப்டிடேசு என்ற நொதியை, பயன் உறுதிப்படவில்லை என்று சப்பானிய நிறுவனமே 2011-இல் தன் நாட்டுச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதற்குப் பின்னும் வீக்கம் வற்ற என்று வலிநீக்கியோடு சேர்த்து இங்கே விற்பனை நடந்தது.

2016 மார்ச்சிலே இந்திய அரசு, மருத்துவக் காரணமற்றவை என்று 344 நிலைத்த அளவுக் கலவைகளைத் தடை செய்தது. நிறுவனங்கள் டில்லி உயர்நீதிமன்றம் சென்றன. அவ்வாண்டு டிசம்பரிலே தடை உடைந்தது. 2017 டிசம்பரிலே உச்சநீதிமன்றம் மறு ஆய்வுக்கு அனுப்பிற்று. 2018 செப்டம்பரிலே 328 கலவைகள் மீண்டும் தடைபட்டன. 2023 சூனிலே நிமிசுலைடும் பாராசிட்டமாலும் சேர்ந்த கரையும் மாத்திரை உள்ளிட்ட 14. 2024 ஆகஸ்டிலே அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஒரு குறித்த அளவிலே சேர்ந்த மாத்திரை உள்ளிட்ட 156. எண்ணிப் பாருங்கள்: இவ்வளவும் தடை செய்யப்படுமுன் யார் வயிற்றிலே சோதிக்கப்பட்டன? கிராம்புக்குக் கோட்டை கட்டியவன் அன்று. மாத்திரைக்கு வழக்குமன்றம் ஏறியவன் இன்று. விலை கொடுத்தவன் மட்டும் அதே ஏரிக்கரை ஏழை!

இந்தப் பெரும் கலவைகளின் சிறு வடிவமே கடைத்தெருவின் 'செட்டு'. பெயரறியாத மாத்திரைகளிலே ஐபுபுரோஃபெனும் இருக்கலாம், அதே இனத்து டைக்ளோஃபெனாக்கும் இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். ஒரே இனத்து மருந்து இரண்டு சேர்ந்தால் பயன் கூடுவதில்லை; இரைப்பைக்கு இன்னல்தான் கூடுகிறது. நம் மீனவர் செய்தது இதுவே. மருத்துவர் தந்த இரண்டு, கூட்டு. அவர் மேலும் சேர்த்துக்கொண்டது, கலவை. வேறுபாட்டை அவருக்கு யாரேனும் சொல்லியிருந்தார்களா? வேளை சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத மருத்துவம் மந்திரத்துக்கு அண்டை வீடு!

நாம் செய்யவேண்டுவது

மன்றங்களிலே, படிப்பகங்களிலே, குப்பத்துத் திண்ணைகளிலே நம் இளைஞர்கள் இதைச் சொல்லலாம். பல் எடுத்த பின், விறைப்பு முற்றும் நீங்குமுன்னரே, மருத்துவர் சொன்ன முதல் வேளை மருந்தை உண்பது நன்று; வலி பெருகிய பின் துரத்துவது கடினம். மருத்துவர் எழுதிய அளவே எல்லை. பாராசிட்டமால் நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேற்பட்டால் ஈரலுக்குக் கேடு. குடிப்பழக்கமுள்ளவருக்கு இன்னும் குறைவே பொருந்தும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய், கருவுற்ற நிலை, குருதி உறையாமல் இருக்க உண்ணும் மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். அவர்களுக்கு ஐபுபுரோஃபென் இனம் ஆகாமற் போகலாம். மழைக்காலத்திலே காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அது டெங்குவாக இருக்கக்கூடும். அப்போது அந்த இனம் குருதிக் கசிவுக்கு வழி செய்யும். காயத்தின்மேல் உறைந்த குருதியே இயற்கை இட்ட கட்டு. புகைபிடித்தலும் புகையிலையும் ஓயாது உமிழ்தலும் அதைக் கலைத்துப் பெருவலி உண்டாக்கும். மூன்று நாளில் தணியாமல் வலி ஏறினால் மாத்திரையை ஏற்றாமல் மருத்துவரிடம் ஏகுக. பெயரில்லாத மாத்திரையை வாங்காதீர், "இது என்ன மருந்து? எதற்கு?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, உரிமை.

இன்னொன்றும் உண்டு. 1951-இலே சென்னை மாநிலத்து வகுப்புவாரி ஆணையை உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. மருத்துவக் கல்லூரியிலே யார் நுழைவது என்பதே அந்த வழக்கின் அடிப்படை. நம் மக்கள் கிளர்ந்தனர். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அவ்வாண்டே வந்தது. 1953-இலே சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. இன்றைய அரசு பல் மருத்துவக் கல்லூரியின் வித்து அதுவே. 2020-இலே அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவம், பல் மருத்துவம் ஆகிய படிப்புகளிலே 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழக அரசு சட்டம் செய்தது. இவை தானாக வந்தவையல்ல, கேட்டுப் பெற்றவை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளன்று அந்த மாணவன் நம்மிடம் வந்தான். தந்தை விழுங்கிய மாத்திரைகளின் வெற்று உறைகளையும், கடைக்காரர் மடித்துத் தந்த காகிதத்தையும் மேசைமேல் பரப்பினான். "சார், இதிலே எது எது ஒரே இனம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டான். உறைகளிலே பெயர் இருந்தது, படித்துக் காட்டினோம். காகிதத்திலே எதுவுமில்லை. "இதிலே ஒண்ணும் எழுதலையே சார்" என்றான்.

ஆம், எழுதப்படவில்லை. தந்தையோ எல்லாம் தலையிலே எழுதியிருப்பதாக நம்பினார். மகன், எழுதவேண்டிய இடத்திலே எழுதவில்லையே என்று கேட்கிறான். அந்தக் கேள்வியை அவன் விடாதிருக்குமாறு பார்த்துக்கொள்வதே ஆசிரியராகிய நமக்கும், தோழர்களாகிய உங்களுக்கும் உள்ள வேலை. வலி வந்தால் விதியை நோகவேண்டாம், வினவுவோம்!